440 சி.சி. இன்ஜெக்டர் பூட்டிய பின் ஸ்லோவில் அணைந்துவிடும் பி16ஏ: எந்த எண்ணைத் திருத்துவது?

உவர்மலையான்:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 1995ஆம் ஆண்டின் ஹோண்டா சிவிக் ஈ.ஜி.8. அதிலிருந்த எஞ்சினை இறக்கிவிட்டு பி16ஏ எஞ்சினை ஏற்றி மூன்று வருடங்கள் ஆகின்றன. கடந்த தைப்பொங்கலுக்குப் பின் எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் சிறிய டர்போ ஒன்றையும் பொருத்தி, 0.5 பார் அழுத்தத்துக்கு மேல் போகாதபடி வைத்திருக்கிறேன். எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ., சிப் மாற்றிய பி28 வகை. டர்போவுக்கு, பெற்றோலைத் தெளிக்கும் பழைய 240 சி.சி. இன்ஜெக்டர்கள் போதாது என்பதால், நிமிடத்துக்கு 440 சி.சி. பாயும் என்று சொல்லி விற்கப்பட்ட நான்கு புதிய இன்ஜெக்டர்களை இணையத்தில் தருவித்து, சென்ற மாதம் பூட்டினேன். மீட்டரில் அளந்தபோது நான்கும் 12 ஓம் காட்டின. அன்றே பெற்றோல் பிரஷர் ரெகுலேட்டரையும் புதிதாக மாற்றினோம்.

240ஐ 440ஆல் வகுத்து வந்த 0.545 என்ற எண்ணை மென்பொருளில் எரிபொருள் பெருக்கியாக இட்டேன். எஞ்சின் முதல் சுழற்றிலேயே பிடித்தது. திருகோணமலையில் நிலாவெளி வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் சீராகப் போகும்போது, காற்றுக்கும் பெற்றோலுக்குமான விகிதத்தைக் காட்டும் வைட்பாண்ட் மீட்டரில் (எண் கூடினால் பெற்றோல் குறைவு, அதாவது கலவை வறட்சி) 14.6, 14.7 என்று அழகாக நிற்கிறது. சிக்கல் ஸ்லோவில்தான், அதாவது கார் ஓடாமல் எஞ்சின் மட்டும் இயங்கும்போது. ஏ.சி.யும் ரேடியேட்டர் ஃபேனும் ஒன்றாக இயங்கத் தொடங்கும் கணத்தில் மீட்டர் 15இலிருந்து 17க்குத் தாவ, எஞ்சின் நடுங்கி, சில வேளைகளில் நின்றும் விடுகிறது. கடந்த வெள்ளிக்கிழமை அனுராதபுரச் சந்தி நெரிசலில், பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, மூன்று முறை நின்றது.

இதற்காக மென்பொருளின் எரிபொருள் அட்டவணையில் ஸ்லோவுக்குரிய கட்டங்களில் 12 சதவீதம் எரிபொருள் கூட்டினேன். இப்போது ஃபேன் ஓடினாலும் நிற்பதில்லை. ஆனால் ஃபேன் ஓய்ந்ததும் மீட்டர் 13.4க்கு இறங்கி, சைலன்சரில் பச்சைப் பெற்றோல் மணக்கிறது. டர்போ அழுத்தம் ஏறும்போதோ 11.6 இருக்க வேண்டிய இடத்தில் 10.7 காட்டுகிறது. வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால், முதல் ஒரு நிமிடம் மறுபடியும் கலவை வறண்டு போகிறது. ஓரிடத்தில் கூடுதல், இன்னோரிடத்தில் குறைவு என்றிருக்கும்போது எதை முதலில் தொடுவது என்று தெரியவில்லை. ஒக்சிசன் சென்சரின் தானியங்கித் திருத்தம் சீரான ஓட்டத்தில் மட்டும் வேலை செய்கிறது. ஸ்லோவில் அதை அணைத்து வைத்திருக்கிறேன்.

ஆறாம்கட்டை:

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. ஸ்லோ ஸ்குரூவைத் திறந்து நிமிடத்துக்கு 1,100 சுற்றில் வைத்துவிடுங்கள், ஃபேன் போட்டாலும் நிற்காது. நான் என் காரில் அப்படித்தான் செய்தேன்.

தம்பலகாமத்தான்:

தம்பி உவர்மலையான், சுற்றைக் கூட்டினால் கார் நிற்காது என்பது உண்மைதான். காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது போன்றது அது. கூட்டிய 12 சதவீதத்தையும் முதலில் கழித்துவிடுங்கள். அந்த அட்டவணை, எந்தச் சுற்றில் எந்த அழுத்தத்தில் எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதைச் சொல்வதற்கு உரியது. இன்ஜெக்டர் மாற்றியதால் எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவு மாறிவிடவில்லை. மாறியவை இரண்டே விடயங்கள். இன்ஜெக்டர் முழுவதும் திறந்திருக்கையில் எவ்வளவு பாய்கிறது என்பது ஒன்று. மின்சாரம் வந்த பிறகு அதன் ஊசி எழுந்து திறப்பதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது மற்றது. இந்த இரண்டாவதைத்தான் டெட் டைம் என்கிறோம். இரண்டில் ஒன்று பிழையாக இருந்தாலும் அட்டவணையில் எதை மாற்றினாலும் ஓரிடம் சரியாகும், இன்னோரிடம் கெடும்.

பாய்ச்சலில் தொடங்குவோம். 440 என்பது எந்த அழுத்தத்தில் அளந்த எண்? பெரும்பாலும் 3 பாரில் அளந்துதான் விற்பார்கள். நீங்கள் ரெகுலேட்டரையும் மாற்றியிருக்கிறீர்கள். அதன் அழுத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். உதாரணமாக அழுத்தம் 3.5 பாராக இருந்தால், 3.5ஐ 3ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க 1.08 வரும், உங்கள் 440 சி.சி. இன்ஜெக்டர் 475 சி.சி. ஆகிவிடும். அப்போது எல்லா இடத்திலும் 8 சதவீதம் கூடுதலாகப் பாயும். 11.6ஐ 1.08ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 10.7 தானாக வரும். சீரான ஓட்டத்தில் மட்டும் 14.7 நிற்பது மென்பொருளிலுள்ள எண்கள் சரியாக இருப்பதாலல்ல. ஒக்சிசன் சென்சர் அந்த 8 சதவீதத்தைச் சத்தமில்லாமல் கழித்துக்கொண்டிருப்பதால். ரியூன் செய்யும்போது, அதாவது எண்களைத் திருத்தும்போது, அந்தத் திருத்தத்தை முழுமையாக அணைத்து வையுங்கள். ரெகுலேட்டரின் வக்கியூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு அழுத்தத்தைப் பார்த்து எழுதுங்கள்.

அப்படியென்றால் ஸ்லோவிலும் 8 சதவீதம் கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும், ஏன் வறள்கிறது? அங்கேதான் டெட் டைம் வருகிறது. பழைய இன்ஜெக்டர் ஸ்லோவில் உண்மையில் திறந்திருந்த நேரம் 1.7 மில்லி செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 475 சி.சி. இன்ஜெக்டருக்கு அதே பெற்றோலைக் கொடுக்க 0.86 மில்லி செக்கன் போதும். இதில் டெட் டைம் வெறும் 0.1 மில்லி செக்கன் பிழைத்தால் ஏறத்தாழ 12 சதவீதம் பெற்றோல் காணாமல் போகும். அதே 0.1, டர்போ முழு அழுத்தத்தில் 12 மில்லி செக்கன் திறந்திருக்கும்போது 1 சதவீதத்துக்கும் குறைவு. மீட்டரில் தெரியவே தெரியாது. பெரிய இன்ஜெக்டர் பூட்டியவர்கள் எல்லாரும் ஸ்லோவில் அல்லாடுவது இதனால்தான்.

டெட் டைம் ஒரே எண்ணும் அல்ல. பற்றரி வோல்ட் குறையக் குறைய ஊசி எழும்பப் பிந்தும். ஃபேனும் ஏ.சி.யும் போட்டதும் வோல்ட் விழுகிறது, உங்கள் மென்பொருளில் அந்த வோல்ட்டுக்குரிய எண் பழைய இன்ஜெக்டருடையது, கலவை வறள்கிறது. சரியாக ஃபேன் ஓடும் கணத்தில் மீட்டர் தாவுவதற்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பழைய ரெசிஸ்டர் பெட்டி இன்னும் இணைப்பில் இருக்கிறதா?

உவர்மலையான்:

நன்றி அண்ணா. ரெசிஸ்டர் பெட்டி என்று நீங்கள் சொல்வது எஞ்சின் அறையின் ஓரத்தில், அலுமினியச் செதில்களோடு இருக்கும் அந்தச் சிறிய பெட்டியா? அதை யாரும் தொடவில்லை. இருக்க வேண்டிய ஒன்றுதான் என்று நினைத்தேன்.

தம்பலகாமத்தான்:

அதேதான். அந்தக் காலத்து ஹோண்டாவின் இன்ஜெக்டர்களுக்கு மின்தடை மிகக் குறைவு, ஏறத்தாழ 2 ஓம். நேரடியாக 14 வோல்ட் கொடுத்தால் 7 அம்பியர் ஓடி ஈ.சி.யூ.வின் டிரான்சிஸ்டர் கருகிவிடும் என்பதற்காக, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஏறத்தாழ 6 ஓம் மின்தடையைத் தொடராக வைத்தார்கள். உங்கள் புதியவை 12 ஓம். அவற்றுக்கு அந்தக் காவல் தேவையில்லை. இப்போது 12உம் 6உம் சேர்ந்து 18 ஓம் ஆகிறது. 14 வோல்ட்டில் 1.17 அம்பியர் போக வேண்டிய இடத்தில் 0.78 அம்பியர்தான் போகும், ஃபேன் போட்டால் அதுவும் குறையும். ஊசி அரைத்தூக்கத்தில் எழும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் பிளக்கைக் கழற்றினால், மின்சாரம் கொண்டுவரும் வயர் ஒன்றும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் வயர் நான்கும் இருக்கும். அந்த ஐந்தையும் ஒன்றாக ஈயம் வைத்து ஒட்டி, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றி விட்டுவிட வேண்டாம். இந்தக் கடற்காற்றில் ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: என்றாவது பழைய 2 ஓம் இன்ஜெக்டர்களைத் திரும்பப் பூட்ட நேர்ந்தால், பெட்டி இல்லாமல் சாவியைத் திருப்பவே கூடாது.

கிண்ணியா கரையோரம்:

நான் எஞ்சின் வேலைக்காரன் அல்ல, வாகன மின்வேலை செய்பவன். அண்ணர் சொன்னதோடு இரண்டு விடயங்கள் சேர்க்க வேண்டும். ஈ.சி.யூ. தன் இணைப்பு முனையில் வரும் வோல்ட்டைப் பார்த்துத்தான் டெட் டைமைத் தேர்ந்தெடுக்கிறது. இன்ஜெக்டருக்குப் போகும் வோல்ட்டை அது அறியாது. இரண்டுக்கும் நடுவே எர்த் கெட்டிருந்தால் கணக்கு ஒன்றாகவும் நடப்பது வேறாகவும் இருக்கும். பற்றரியின் மைனஸ் முனையில் மீட்டரின் ஒரு காலையும் எஞ்சின் உடலில் மறு காலையும் வைத்து, ஃபேன், ஏ.சி., ஹெட்லைட் மூன்றையும் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். கடலோரத்து வாகனங்களில் இது அரை வோல்ட் வரை போயிருந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வெளியே பார்த்தால் பட்டை புதியது போலவே இருக்கும், போல்ட்டுக்கு அடியில் மட்டும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும்.

இரண்டாவது, வைட்பாண்ட் மீட்டர் 17 காட்டினால் அது எப்போதும் வறட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த சென்சர் பார்ப்பது எரியாமல் மிஞ்சிய ஒக்சிசனை. ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்தால், பெற்றோல் கூடுதலாக இருந்தாலும் எரியாத காற்று வெளியே வந்து மீட்டரை 17க்கு ஏற்றிவிடும். சைலன்சர் குழாயில் சென்சருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் இதே பொய்தான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு மீட்டரை நம்புங்கள்.

ஆறாம்கட்டை:

மன்னிக்கவும், எனக்கும் இதே பெட்டி இருக்கிறது. என் இன்ஜெக்டரும் 12 ஓம்தான். இன்று மாலையே கழற்றுகிறேன்.

உவர்மலையான்:

ஐந்து நாட்களுக்குப் பின் எழுதுகிறேன், பொறுமைக்கு நன்றி.

கிண்ணியா நானா சொன்னபடி எர்த்தைப் பார்த்தேன்: 0.4 வோல்ட். போல்ட்டைக் கழற்றியபோது அவர் எழுதிய அதே வெள்ளைப் பொடி உள்ளங்கையில் கொட்டியது. சுரண்டிப் பூட்டியதும் 0.04க்கு இறங்கிவிட்டது. பிளக்குகள் நான்கும் கறுத்திருந்தன, இரண்டாவது மட்டும் ஈரமாகவே இருந்தது. அதன் வயரை மாற்றினேன். ரெசிஸ்டர் பெட்டியை விலக்கி ஐந்து வயர்களையும் ஒட்டினேன். அழுத்தத்தை வக்கியூம் ஹோஸ் இல்லாமல் அளந்தபோது முள் 3.5 பாரில் நின்றது. அண்ணா உதாரணமாக எடுத்த எண்ணே உண்மையாகிவிட்டது.

விற்றவர் டெட் டைம் அட்டவணை எதுவும் தரவில்லை. ஆகவே நகரில் இன்ஜெக்டர் கழுவும் மெசின் வைத்திருக்கும் ஒருவரிடம் நான்கையும் கொண்டுபோனேன். கழுவும் திரவத்தை 3.5 பாரில் வைத்து, 14 வோல்ட்டில், 3 மில்லி செக்கன் வீதம் ஆயிரம் தடவை அடித்தபோது கண்ணாடிக் குழாயில் 16 சி.சி. விழுந்தது. 6 மில்லி செக்கன் வீதம் ஆயிரம் தடவை அடித்தபோது 40 சி.சி. நான்கு குழாய்களிலும் மட்டம் ஏறத்தாழ ஒரே கோட்டில் நின்றதைப் பார்த்தபோதுதான் கொடுத்த காசுக்கு நிம்மதி வந்தது. பிறகு வோல்ட்டை 12க்கு இறக்கி, 3 மில்லி செக்கன் மட்டும் மறுபடி அடித்தோம்: 14 சி.சி. இந்த எண்களை வைத்து என்ன கணக்குச் செய்வது?

தம்பலகாமத்தான்:

தம்பி, நீங்கள் கேட்காமலே சரியான சோதனையைச் செய்திருக்கிறீர்கள். 3இலிருந்து 6க்குப் போனபோது கூடியது 24 சி.சி.; அதாவது ஆயிரம் தடவைக்கு, ஒவ்வொரு மில்லி செக்கனுக்கும் 8 சி.சி. நிமிடக் கணக்கில் 480. வர்க்கமூலக் கணக்கு சொன்ன 475க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அளந்த எண்ணையே எடுங்கள். 240ஐ 480ஆல் வகுத்தால் பெருக்கி 0.5.

இனி டெட் டைம். 16 சி.சி. பாய்வதற்கு 16ஐ 8ஆல் வகுத்தால் வரும் 2 மில்லி செக்கன் போதும். நீங்கள் கொடுத்ததோ 3. மிகுதி 1.0 மில்லி செக்கன் ஊசி எழும்பப் போன நேரம். 12 வோல்ட்டில் 14ஐ 8ஆல் வகுக்க 1.75, 3இலிருந்து கழிக்க 1.25. இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன. இடையிலுள்ள வோல்ட்டுகளுக்கு நேர்கோடு போட்டு எண்களை நிரப்புங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே கோடு செங்குத்தாக ஏறும், அதை ஸ்டார்ட் செய்யும்போது பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

பின் காரில் சோதனை செய்யுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பின், தானியங்கித் திருத்தம் அணைந்திருக்க, ஸ்லோவில் விட்டு ஹெட்லைட், பின்கண்ணாடிச் சூடேற்றி, ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். வோல்ட் இறங்க இறங்க மீட்டர் ஏறினால் அந்த வோல்ட்டின் டெட் டைமை 0.02 வீதம் கூட்டுங்கள், இறங்கினால் குறையுங்கள். ஏ.சி.யை மட்டும் இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம், அது வோல்ட்டோடு எஞ்சினின் சுமையையும் மாற்றி உங்களைக் குழப்பிவிடும். ஸ்லோவில் 14.7 தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் தேவையில்லை. இந்த எஞ்சின் 14.2இல் இன்னும் அமைதியாக ஓடும்.

உவர்மலையான்:

செய்து முடித்தேன். பெருக்கி 0.5, டெட் டைம் 14 வோல்ட்டில் 1.0. முன்பு மென்பொருளில் கிடந்த பழைய எண்ணோ 0.9. ஸ்லோவில் 14.1 வோல்ட்டில் 14.3, எல்லாவற்றையும் போட்டு 12.9க்கு இறங்கினாலும் 14.5 தாண்டவில்லை. டர்போ அழுத்தத்தில், எந்த அட்டவணைக் கட்டத்தையும் தொடாமலே, 11.5 காட்டுகிறது. நேற்று மாலை வேண்டுமென்றே அனுராதபுரச் சந்தி வழியாக ஏ.சி. போட்டுக்கொண்டு போனேன்.

மிஞ்சியிருப்பது வெயிலில் நிறுத்தி எடுத்தபின் வரும் அந்த ஒரு நிமிட வறட்சி. இந்தக் கச்சான் காற்றில் அது இன்னும் மோசமாகத் தெரிகிறது.

தம்பலகாமத்தான்:

அது இன்ஜெக்டரின் குற்றமல்ல. காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சர் உங்கள் எஞ்சினில், காற்று உள்ளே போகும் மெனிஃபோல்டின் உடலிலேயே இருக்கிறது. நிறுத்திய கார் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும்போது அந்த சென்சரும் சேர்ந்து வேகிறது. ஸ்டார்ட் செய்ததும் அது 65, 70 பாகை என்று சொல்கிறது. காற்று ஐதாக இருப்பதாக நம்பி ஈ.சி.யூ. பெற்றோலைக் குறைக்கிறது, உண்மையில் உள்ளே வரும் காற்றோ அவ்வளவு சூடல்ல. லொக், அதாவது ஈ.சி.யூ.வின் பதிவு, எடுத்துப் பாருங்கள். சென்சரின் எண் இறங்குவதும் கலவை சீராவதும் ஒரே வேகத்தில் நடந்தால், வெப்பத் திருத்த அட்டவணையில் 60 பாகைக்கு மேலுள்ள கழிவை 3, 4 சதவீதம் தளர்த்துங்கள். அதே சென்சரை வைத்து இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுக்கும் அட்டவணை ஒன்றும் இருக்கும். அதை மட்டும் தொடக் கூடாது, சூடான காற்றில் கலவை தானாகவே வெடிக்கும் நொக்கிங்கிலிருந்து உங்கள் பிஸ்டனைக் காப்பது அதுதான்.

டர்போ அழுத்தத்தில் 95 ஒக்டேன் மட்டுமே ஊற்றுங்கள். சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களை வரிசையாக வைத்துக்கொண்டும் 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்று கிடைத்ததை ஊற்றிய பழக்கம் நம்மில் சிலருக்கு இன்னும் போகவில்லை. 92 ஊற்றிக்கொண்டு 95க்கு எழுதிய டைமிங்கில் ஓடக் கூடாது. முழு அழுத்தத்தில் இன்ஜெக்டர் எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கிறது என்பதையும் லொக்கில் பாருங்கள். 7,500 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு இருப்பதே 16 மில்லி செக்கன், அதில் 13.5ஐத் தாண்டினால் அழுத்தத்தை இனிக் கூட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையை, கார் ஓரிடத்திலேயே நிற்க அதன் சக்கரங்களை உருளைகளில் ஓட்டிப் பார்க்கும் டைனோவில் செய்வதுதான் சரி. கந்தளாய்க்கு அப்பால் ஹபரணை வீதி நேராகக் கிடக்கிறதே என்று அதிகாலையில் போய்விட வேண்டாம், அந்த நேரத்தில் அது யானைகளின் வீதி.

உவர்மலையான்:

லொக் எடுத்தேன் அண்ணா. ஸ்டார்ட் செய்தபோது 68 பாகை, ஒரு நிமிடத்தில் 46. கலவையும் அதே வேகத்தில் சீராகிறது. 60க்கு மேல் 4 சதவீதம் தளர்த்தியபின் 15.1க்கு மேல் போகவில்லை. முழு அழுத்தச் சோதனையைக் கொழும்பில் டைனோவில் வைத்துக்கொள்கிறேன். அதுவரை டர்போவின் அழுத்தத்தை 0.3 பாருக்கு இறக்கிவிட்டேன்.

ஆறாம்கட்டை:

என் பெட்டியும் கழன்றுவிட்டது. ஸ்லோ ஸ்குரூவைப் பழைய இடத்துக்கே திருப்பி 800இல் வைத்திருக்கிறேன், எஞ்சின் அணையாமல் ஓடுகிறது. நானா, உங்கள் கடை கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? என் எர்த்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கிண்ணியா கரையோரம்:

பாலம் தாண்டி வாருங்கள் தம்பி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகுதான் திறப்பேன்.